பேச்சை எழுத்தாக்கும் குரலறி மென்பொருளை அலுவலகம் முழுக்க நிர்வகிப்பது எப்படி?

ஒருவர் வேறு கணினிக்கு மாறினால் அவர் மென்பொருளுக்குப் பழக்கிய சொற்களெல்லாம் காணாமல் போகின்றன, ஒவ்வொரு கணினியிலும் மறுபடி அமைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பயனரின் குரல் புரொஃபைலை, அதாவது அவர் பழக்கிய சொற்களும் திருத்தங்களும் சேமிக்கப்படும் தொகுப்பை, சர்வரில் வையுங்கள். டிராகன் (Dragon) என்ற குரலறி மென்பொருளின் நிறுவனப் பதிப்புகளில் இந்த வசதி உண்டு. ஆனால் வேலை முடிந்ததும் மென்பொருளை முறையாக மூடச் சொல்லுங்கள். கணினியைப் பாதியில் அணைத்தால் அன்றைய திருத்தங்கள் சர்வருக்குப் போய்ச் சேராமலே போகலாம்.

அதிக நேரம் செலவிட வேண்டியது சொற்பட்டியலில்தான். மருந்துப் பெயர்கள், வாடிக்கையாளர் பெயர்கள், துறைச் சுருக்கங்கள் இவற்றை ஊழியர்கள் ஆளுக்கொரு விதமாகச் சேர்க்க விடாதீர்கள். நீங்களே ஒரே பட்டியலாகத் தயாரித்து அனுப்புங்கள். எழுத்து வடிவத்தோடு, வாயால் சொல்லும் வடிவத்தையும் கொடுங்கள். உதாரணமாக, திரையில் 'கி.மீ.' என்று வர வேண்டும், பேசுபவரோ 'கிலோமீட்டர்' என்பார். அப்புறம், பட்டியலைத் துறைவாரியாகப் பிரியுங்கள். கணக்குப் பிரிவுக்கு மருந்துப் பெயர்கள் எதற்கு? ஒலி ஒத்த சொற்கள் கூடினால் பிழையும் கூடும்.

'திடீரென்று தப்புத் தப்பாக எழுதுகிறது' என்று யாராவது சொன்னால், புரொஃபைலைத் தொடும் முன் மைக்கைப் பாருங்கள். ஹெட்செட் தலையில் இருக்கும். ஆனால் விண்டோஸோ, மடிக்கணினியின் உள் மைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் (வேறிடத்துக் கணினியைத் தம் கணினியிலிருந்தே இயக்கும் முறையில்) வேலை செய்பவர்களுக்கு மைக் ஒலி அந்தக் கணினிக்குப் போகிறதா என்பதையும் சோதியுங்கள்.

நீங்கள் வாங்குவது கிளவுட் சேவை (குரலை இணையம் வழியே சேவை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி எழுத்தாக்குவது) என்றால், குரல் பதிவுகள் எங்கே, எவ்வளவு காலம் சேமிக்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.