பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே ஒரு பேராசிரியை

கேள்வி: மொழிக்கல்விக் கொள்கையும் பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடலும் என் ஆய்வுத் துறை. தாய்மொழிவழிக் கல்வியை ஆதரித்துப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். வெளிநாட்டில் வசிக்கிறோம். என் 9 வயது மகளுக்குத் தமிழ் புரியும், பேச மாட்டாள். வீட்டிலும் பள்ளி மொழியையே பேசுங்கள் என்று முதல் வகுப்பு ஆசிரியை சொன்னதைக் கேட்டு, நானும் கணவரும் அப்படியே பழகிவிட்டோம். என் அம்மா போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு பக்கமும் நானே சுருக்கமாக மொழிபெயர்த்துவிடுவேன். அதில் பிரச்சினை இல்லை. ஆனால் கருத்தரங்குகளில் ‘உங்கள் மகள் தமிழ் பேசுவாளா?’ என்று கேட்டால் கூச்சமாக இருக்கிறது. வார இறுதித் தமிழ் வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: கருத்தரங்கில் வரும் கூச்சத்தை நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள். ‘அதில் பிரச்சினை இல்லை’ என்று போகிற போக்கில் எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் இருக்கும் பிரச்சினையே அதுதான்.

மகளுக்குத் தமிழ் புரியும் என்கிறீர்கள். புரிகிறவளுக்கு எதற்கு அம்மா மொழிபெயர்ப்பு?

‘மழையில நனைஞ்சியாமே, தலைய நல்லாத் துவட்டுனியா கண்ணு?’ என்று பாட்டி கேட்பார். உங்கள் சுருக்கத்தில் அது ‘நலமா என்று கேட்கிறார்’ என்றாகிவிடும். மகள் மூச்சுவிடாமல் சொல்வதெல்லாம் ‘நல்லா இருக்காளாம்மா’ என்று ஊருக்குப் போய்ச் சேரும். பாட்டியின் குரலில் இருந்த பாசம் போயிற்று, பேத்தியின் குறும்பும் போயிற்று. புரியாத இடத்தில் திரும்பக் கேட்பது, வேறு சொல் தேடுவது, கையைக் காலை ஆட்டிப் புரியவைப்பது என்று மாணவர்களுக்குப் பக்கம் பக்கமாக நடத்துவீர்கள். அந்தத் தடுமாற்றத்தை உங்கள் மகளுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்? பேத்தியோடு நேராகப் பேச உங்கள் அம்மாவுக்கு உரிமை உண்டு. அதற்கு வழிவிடுவது மகளாக உங்கள் கடமை. அடுத்த ஆய்வுக் கட்டுரை அதற்குப் பிறகுதான்.

மொழிக் கொள்கையை நடைமுறை (என்ன பேசுகிறோம்), நம்பிக்கை (மொழியைப் பற்றி என்ன நினைக்கிறோம்), நிர்வாகம் (அதை மாற்ற என்ன ஏற்பாடு செய்கிறோம்) என மூன்றாகப் பிரித்தார் மொழியியலாளர் பெர்னார்ட் ஸ்போல்ஸ்கி. உங்களிடம் நம்பிக்கை நிறைய இருக்கிறது. வகுப்பில் சேர்ப்பது நிர்வாகம். வீட்டில் நடைமுறை எங்கே? ஒரு மொழி எவ்வளவு நலிந்திருக்கிறது என்று அளக்க, மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991-ல் வகுத்த எட்டுப் படிகளில், வீட்டில் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு மொழியைக் கொடுப்பது ஆறாவது. அது ஆட்டம் கண்டால் பள்ளியும் ஊடகமும் முட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர் வாதம். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் சுமார் 1,900 குடும்பங்களைப் பார்த்து ஆனிக் டெ ஹவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுமொழி காதில் விழுந்தே வளர்ந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் அதைப் பேசவில்லை. பெற்றோர் இருவரும் வீட்டில் எதைப் பேசினார்கள் என்பதில்தான் பெரும் வித்தியாசம் இருந்தது. ஆகவே உங்கள் கணவருக்கும் விலக்கு இல்லை. ஆசிரியை சொன்னது தவறான அறிவுரை என்பது உங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும்; அதை விடுங்கள்.

கணக்கையும் பாருங்கள். வாரம் 2 மணி நேர வகுப்பு ஆண்டுக்கு 35 வாரம் நடந்தால் 70 மணி நேரம். வீட்டில் தினம் அரை மணி பேசினால் 180 மணிக்கு மேல்.

நாளையிலிருந்து முழுக்கத் தமிழ் என்று சட்டம் போடாதீர்கள். 9 வயதுப் பிள்ளை இரண்டே நாளில் முறுக்கிக்கொள்ளும். குளித்து முடித்ததிலிருந்து தூங்கும் வரை என்று ஒரு பொழுதை மட்டும் தமிழுக்கு ஒதுக்குங்கள். அவள் பள்ளி மொழியில் பதில் சொன்னால், பேச்சை அப்படியே ஓடவிடாதீர்கள். உங்களைப் போன்ற பெற்றோர் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். ‘என்னது?’ என்று ஒருமுறை கேளுங்கள். வரவில்லையா, ‘சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?’ என்று இரண்டு சொற்களை நீட்டுங்கள், ஒன்றை எடுத்துக்கொள்வாள். அதுவும் வராவிட்டால் அவள் சொன்னதையே தமிழில் சொல்லிவிட்டு மேலே போங்கள். ‘அவன் வந்தாள்’ என்று சொன்னால் சிரிக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். ‘ஓ, அவன் வந்துட்டானா?’ என்றால் போதும். உறவினர் முன்னால் நிறுத்தி ‘எங்கே, தமிழ்ல பேசிக் காட்டு’ என்றால் பல மாத உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

வகுப்பில் சேர்க்கலாம், கூடுதலாக. முதல் நாளே 247 எழுத்துகளையும் எழுத்துத் தமிழையும் தொடங்கும் வகுப்பானால் யோசியுங்கள். அங்கே ‘நான் வருகிறேன்’ என்று படிக்கும் பிள்ளைக்குப் பாட்டியின் ‘வர்றேன்’ அந்நியமாகத் தெரியும், பாட்டிதான் தப்பாகப் பேசுகிறார் என்றுகூட நினைக்கும். முதல் ஆறு மாதமாவது பேச்சுத் தமிழில் விளையாட்டும் கதையுமாக நடத்துகிறார்களா என்று ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்.

போன் விஷயத்துக்கு இந்த வாரமே வழி செய்யுங்கள். ‘என்ன படிக்கிறே, நல்லாப் படிக்கிறியா’ என்று விசாரிக்க வேண்டாம் என உங்கள் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உங்கள் சின்ன வயதுக் குறும்புகளை அவர் சொல்லட்டும். அதைக் கேட்க எந்தப் பிள்ளைக்கும் ஆசை இருக்கும். அழைப்பு வந்ததும் ஸ்பீக்கரை அணைத்துப் போனை மகள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். முதலில் ஐந்து நிமிடம். உள்ளே சத்தமே இல்லாவிட்டாலும் எட்டிப் பார்க்காதீர்கள்.