வாரம் தவறாமல் புகை அடிக்கிறார்கள், ஆனாலும் எங்கள் தெருவில் டெங்கு வருகிறதே, ஏன்?

டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பெரும்பாலும் தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது என்பதால்தான்.

புகையில் சாவது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசு. ஏடிஸோ கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதுமே நாம் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். தண்ணீரில் கிடக்கும் கொசுப் புழுவைப் புகை ஒன்றும் செய்யாது.

சென்னையில் நாம் கவனிக்க வேண்டிய கொசு மூன்று வகை. கூவம், பக்கிங்காம் கால்வாய், சாக்கடை என்று அழுக்குத் தண்ணீரில் பெருகி ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, கிணற்றிலும் சரியாக மூடாத மாடித் தொட்டியிலும் வளரும். ஏடிஸ் பகலில் கடிக்கும். அதற்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் போதும்.

எங்கள் அடுக்ககத்தின் சங்க வேலைகளை நான் பார்ப்பதால், வீடுவீடாகச் சோதிக்க வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் அக்காவோடு நானும் போவேன். அவர் முதலில் பார்ப்பது ஃபிரிட்ஜின் பின்பக்கம். அங்கே கம்ப்ரஸருக்கு மேலே தண்ணீர் சேரும் ஒரு சின்னத் தட்டு இருக்கும். டார்ச் அடித்ததும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளியும். தினமும் வீட்டைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருப்பவர்கள்கூட அதைப் பார்த்து ஆடிப்போகிறார்கள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையை நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்துபோனாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். அதனால் டிரம், குடம், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்தாலே சங்கிலி அறுந்துவிடும். மாடித் தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடியும், வழிந்தோடும் குழாய் வாயில் வலையும் அவசியம்.

இதில் மக்களை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் டிரம்மில் பிடித்து வைக்கத்தான் செய்வார்கள். ஒழுங்காகத் தண்ணீர் விடுவதும் கொசு ஒழிப்பு வேலைதான்.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில், கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை ஊருக்குள் விட்டதில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் ஆய்வு வெளியானது. புதுச்சேரியில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) மையமும் அப்படிப்பட்ட கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் அது நம் தெருவுக்கு வரும்வரை டார்ச்சோடு வருபவருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.

அப்புறம், பூட்டிக் கிடக்கும் வீடுகளை மறந்துவிடாதீர்கள். புழங்காத கழிவறையின் ஃபிளஷ் டேங்க்கிலும் கோப்பையிலும் தண்ணீர் அப்படியே நிற்கும். உரிமையாளரிடம் சொல்லிச் சாவி வாங்கி அதையும் பாருங்கள். பக்கத்தில் கட்டடம் எழும்புகிறது என்றால் லிஃப்ட் குழியையும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, தண்ணீர் நின்றால் மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள்.