மோட்டார்ஹோம் ஓடும்போது சமையலறை ஏன் கடகடக்கிறது? எப்படி நிறுத்துவது?

மோட்டார்ஹோம் என்றால் அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும் பயண வண்டி. நின்றிருக்கும்போது அமைதியாக இருக்கும் சமையலறை, வண்டி கிளம்பியதும் கடகடவென்று அலறும்.

காரணம் இடைவெளிதான். இரண்டு கெட்டியான பொருட்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் சந்து இருந்தாலும் போதும், சாலை அதிர்வில் அவை மோதிக்கொண்டே இருக்கும். ஓடும் பேருந்தில் படபடக்கும் ஜன்னல் கண்ணாடிக்கு இடையே டிக்கெட்டை மடித்துச் செருகியிருப்பீர்களே, சத்தம் சட்டென்று நிற்கும். இங்கும் அதே வைத்தியம்தான்.

பெரும்பாலும் குற்றவாளி, அடுப்பின் மேல் பாத்திரம் வைக்கும் இரும்புச் சட்டம். கிளம்பும் முன் கழற்றி, துண்டில் சுற்றி, இழுப்பறையில் வைத்துவிடுங்கள். அடுத்தது ஓவனுக்குள் (கேக், ரொட்டி சுடும் மூடிய அடுப்பு) இருக்கும் கம்பித் தட்டு. அதன் ஓரங்களில் துணியைச் செருகலாம். அப்புறம், பற்றவைக்கும் முன் அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள்! சாப்பாட்டுத் தட்டுகளுக்கு இடையே காகிதத் துண்டு, அலமாரிக் கதவின் விளிம்பில் ஒட்டும் நுரைப் பட்டை. எங்கே சத்தம் என்று தெரியவில்லையா? வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கையால் தட்டிப் பாருங்கள்.

திருகுகளை இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரும்புச் சட்டமும் கம்பித் தட்டும் கழற்றுவதற்கென்றே தளர்வாகச் செய்யப்பட்டவை, அவற்றில் பெரும்பாலும் இறுக்கத் திருகே இருக்காது.