சித்திரையில் தக்காளிப் பூ கொட்டினால் டானிக் வாங்காதீர்கள்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: மாசியில் முற்றத்துத் தொட்டிகளில் வைத்த எட்டுத் தக்காளிச் செடிகள் இடுப்புயரம் வளர்ந்து நன்றாகப் பூக்கின்றன, ஆனால் பூவெல்லாம் காம்போடு உதிர்கிறது. நாற்று விற்றவர் கொடுத்த டானிக்கை அடித்தும் பலனில்லை, இப்போது இன்னொரு பாட்டில் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் ஆச்சி. செடிக்கு ஒரு நோயும் இல்லை, வெயில்தான் காரணம். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும், பிஞ்சு பிடிக்காது. சித்திரையில் நம் பக்கம் எந்த ராத்திரி குளிர்கிறது? அதிலும் முற்றத்துச் சுவரும் தளமும் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு விடியும்வரை விடுகின்றன. இதை எந்த பாட்டில் மாற்றும்? லேபிளில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று இல்லாத எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். பில் கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள்.

குளிர்ந்த தை மாதத்திலும் பூ கொட்டினால் மட்டும் கதை வேறு. இலை கரும்பச்சையாக, தண்டு விரல் பருமனாக இருக்கிறதா? ஆட்டுப் புழுக்கையோ யூரியாவோ அதிகமாகிவிட்டது, செடி இலையாகவே போகிறது, உரத்தை மூன்று வாரம் நிறுத்துங்கள். இலை அளவாக இருந்தும் பூ கொட்டினால் காற்றில்லை என்று பொருள். தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் அந்தத் தூள் உதிர ஓர் அசைவு வேண்டும். கொல்லையில் காற்றும் வண்டும் பார்த்துக்கொள்ளும், நாலு பக்கமும் சுவருள்ள முற்றத்தில் நீங்கள்தான் காலை 9, 10 மணிக்குப் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட வேண்டும்.

அடுத்த முறை கார்த்திகை பிறந்ததும் விதையுங்கள். 25 நாள் நாற்றை மார்கழியில் நட்டால் தையில் பூ, மாசியில் பழம். பெரியகுளம் 1 என்ற தக்காளி ரகம் போதும், அதில் விதையும் எடுத்து வைக்கலாம். பாக்கெட்டில் முளைப்புத் திறன் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, காலாவதித் தேதியையும் பாருங்கள். வீட்டுத் தோட்டத்துக்கென்று அரசு கொடுக்கிற விதைப் பொட்டலத்துக்குக் காத்திருக்காதீர்கள். எனக்கு ஒரு வருஷம் அது பங்குனிக் கடைசியில் வந்தது, பங்குனியில் தக்காளி விதை எதற்கு? பட்டம் தெரிந்து விதை கொடுக்க ஓர் ஆள் கூடவா இல்லை!

இப்போதுள்ள செடிகளைப் பிடுங்கிவிட்டு அதே தொட்டிகளில் வெண்டை ஊன்றுங்கள். அது இந்த வெயிலைத் தாங்கிக் காய்க்கும்.