அவசரச் சரக்குக்கு வேன் வாங்கலாமா?

கேள்வி: டெட்ராய்ட்டில் இருக்கிறேன். சொந்த வேனில், கார் ஆலைகளுக்கு அவசர உதிரிபாகம் கொண்டுபோகும் தொழிலில் இறங்கலாமா?

பதில்: கடன் வாங்கி இறங்க வேண்டாம். 2021-ல் கிடைத்த வாடகை இப்போது இல்லை. மைலுக்கு 1.20 டாலர் வீதம் 400 மைல் சுமை என்றால் 480 டாலர். அடுத்த சுமைக்காக 300 மைல் காலியாக ஓடினால், மொத்தம் 700 மைலுக்கும் அதே 480 டாலர்; மைலுக்கு 69 சென்ட்தான் தேறும். பெட்ரோல், தேய்மானம், காப்பீடு எல்லாம் சேர்த்து அமெரிக்க வருமானவரித் துறை 2025-க்கு வைத்த கணக்கே மைலுக்கு 70 சென்ட். உங்கள் உழைப்புக்கு என்ன மிச்சம்? இறக்குமிடத்தில் திரும்பச் சுமை உண்டா என்று கேட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். சொந்தக் கார் காப்பீடு வாடகைச் சரக்குக்குப் பொதுவாகச் செல்லாது. வணிகக் காப்பீடு வேண்டும். மொத்த எடைத் திறன் (வண்டியும் சரக்கும் சேர்த்து) 10,001 பவுண்டுக்குக் குறைந்த வேனுக்கு மத்திய அரசின் ஓட்டுநேர வரம்பு பெரும்பாலும் இல்லை. அதற்காகத் தூங்காமல் ஓட்டாதீர்கள், தயவுசெய்து.