திறந்தவெளிச் சிறை: வாசகர் கேள்விகள்

தம்பி எட்டு மாசமா புழல் விசாரணைச் சிறையில் இருக்கான். திறந்தவெளிச் சிறைக்கு மாத்த மனு போடலாமா? (வாசகி, வியாசர்பாடி)

முடியாதும்மா. காவல் குறைவாக, கைதிகள் வெளியில் வேலை செய்து வாழும் திறந்தவெளிச் சிறை தண்டனைக் கைதிகளுக்கு மட்டும். தம்பிக்கு ஜாமீன்தான் வழி. இதற்குமுன் தண்டனை பெறாதவர் என்றால் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் பிரிவு 479-ஐப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்தவருக்கு அது உதவும். மரணமோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றம், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு என்றால் உதவாது.

ஆயுள் கைதி அங்கே போனால் 14 வருஷத்துக்கு முன்பே வெளியே வரலாமா? (தண்டையார்பேட்டை)

கொலை வழக்கில் வராது. குற்ற நடைமுறைச் சட்டத்தின் பழைய பிரிவு 433-ஏ, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 475, ரெமிஷனை (தண்டனைக் குறைப்பை) சேர்க்காமல் 14 ஆண்டு கேட்கிறது. அங்கே சேரும் ரெமிஷனும் நன்னடத்தையும் அதற்குப் பிறகு விடுதலையைப் பரிசீலிக்கும்போதுதான் பேசும்.

அண்ணனைத் திறந்தவெளிச் சிறைக்கு மாத்தும் ஆர்டர் எப்போ வரும்? (கொளத்தூர்)

கைதி எண் இல்லை, தண்டனைப் பிரிவு இல்லை, மனு கொடுத்த தேதியும் இல்லை. எதை வைத்துச் சொல்வது? மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

திறந்தவெளிச் சிறைக்கு மாத்தக் கேட்ட கணவரின் மனுவை நாலு வாரத்தில் பரிசீலிக்க ஹைகோர்ட் சொல்லியது. ரெண்டு மாசமாச்சு. சிறையில் அவரைப் பார்க்கப் போனப்ப "அதெல்லாம் கிடைக்காது" என்கிறார்கள். கோர்ட் சொல்லியும் இப்படியா? (ராயபுரம்)

முதலில் உத்தரவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். "பரிசீலிக்க" என்றால் "அனுப்பி வை" என்று அர்த்தமில்லை. திறந்தவெளிச் சிறைக்குக் கைதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் நாற்காலியில் நீதிமன்றம் உட்காராது; விதிப்படி யோசித்தார்களா, காரணம் சொன்னார்களா என்றுதான் பார்க்கும். அடுத்து, "உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து" என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். நகலை நீங்கள் கொடுக்கவில்லை என்றால் நாலு வாரம் இன்னும் தொடங்கவே இல்லை! சான்றிட்ட நகலுடன் ஒரு கடிதம் வைத்துக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட், ரசீதைத் தொலைக்காதீர்கள். கெடு தாண்டினால் நீதிமன்ற அவமதிப்பு மனு, ஒரு வருஷத்துக்குள்.

வாயால் சொன்ன மறுப்பை எந்த நீதிபதியிடம் காட்டுவீர்கள்? எனக்குப் பொறுக்காத விஷயம் இதுதான். காகிதம் இல்லாத மறுப்பைக் கேள்வி கேட்க முடியாது என்பது சொல்கிறவர்களுக்கும் தெரியும். எழுத்தில் கேளுங்கள். "காவல்துறை அறிக்கை பாதகம்" என்று ஒற்றை வரி வந்தால், அது எந்தத் தேதி அறிக்கை, பத்து வருஷத்துக்கு முந்தைய சங்கதியா, ஹிஸ்டரி டிக்கெட்டில் (கைதியின் சிறைப் பதிவேட்டில்) சிறைக் குற்றம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மறுப்பை ரத்து செய்யக் கேட்டுப் ஹைகோர்ட்டில் புதிதாக ரிட் மனு போடலாம். 1996-லேயே ராமமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் திறந்தவெளிச் சிறைகளைப் பற்றிப் பேசியது. 2024-ல் சுஹாஸ் சக்மா வழக்கில், இருக்கும் திறந்தவெளிச் சிறை முகாம்களின் பரப்பைக் குறைக்கக் கூடாது என்றது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தி வாயால் அனுப்பிவிடுவது அநியாயம்.

வக்கீலுக்குப் பணமில்லை. (எண்ணூர்)

சிறையில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ன் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12. உதவி தொலைபேசி எண் 15100. ஹைகோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

கோவை சிங்காநல்லூர் திறந்தவெளிச் சிறைக்கு மாற்றினால் குழந்தைகளோடு போய்ப் பார்க்க முடியுமா? (பெரம்பூர்)

சென்னையிலிருந்து கோவை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சிவகங்கைப் பக்கம் புரசடை உடைப்பு திறந்தவெளிச் சிறையும் கிட்டத்தட்ட அவ்வளவு. புழல் மாதிரி காலையில் போய் மதியம் திரும்ப முடியாது. மனுவில் கையெழுத்து போடுவதற்கு முன்னால் அவரும் நீங்களும் பேசி முடிவெடுங்கள். போட்டால், பிரதியில் சீல்.