அமெரிக்கக் கால்பந்தில் 'எக்காலத்துக்கும் சிறந்த வீரர்' யார் என்பதை முடிவு செய்வது ஏன் கடினம்?

'எக்காலத்துக்கும் சிறந்தவர்' என்றால், தன் காலத்தில் தன் இடத்தில் ஆடிய மற்றவர்களை வெகுதூரம் விஞ்சி நின்றவர் என்று பொருள். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வீரர்களை அப்படி வரிசைப்படுத்துவது கடினம். காரணம், களத்தில் இறங்கும் 11 பேருக்கும் ஒரே வேலை இல்லை. குவார்ட்டர்பேக் பந்தை எறிவார். ரிசீவர் ஓடிப் பிடிப்பார். அவர்களுக்காக எதிரிகளைத் தடுத்து நிற்பவரோ பந்தைத் தொடாமலேயே ஆட்டத்தை முடித்துவிடுவார். வீடு கட்டிய கொத்தனாரையும் தச்சரையும் ஒரே முழக்கோலால் அளக்க முடியுமா?

காலமும் மாறிவிட்டது. பந்தோடு ஓடும் வீரரான ஜிம் பிரவுன் ஆடிய 1957–65 காலத்தில் ஒரு பருவத்துக்கு 12 ஆட்டங்கள், பிறகு 14. இப்போது 17. 1978-இல் விதிகளும் பந்து எறிபவர்களுக்குச் சாதகமாகத் திருத்தப்பட்டன. எனவே மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பது பழைய வீரர்களுக்கு அநீதி. பிரவுன் தான் ஆடிய 9 பருவங்களில் 8-இல் பந்தோடு ஓடிய தூரத்தில் முதலிடம் பிடித்தார். அந்த ஆதிக்கத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

ரிசீவர் ஜெர்ரி ரைஸையும் அப்படியே பார்க்கிறேன். பந்தைப் பிடித்து அவர் சேர்த்தது 22,895 யார்டுகள். இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 5,000 யார்டுகளுக்கும் மேல் பின்தங்கியிருக்கிறார்.

என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை அதிக முறை வென்றவரே சிறந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் 7 வெற்றிகள் மகத்தானவைதான், ஆனால் கோப்பை அணிக்கு உரியது, பிரவுன் ஓய்வு பெற்றபோது சூப்பர் பவுல் என்ற போட்டியே தொடங்கியிருக்கவில்லை.